பேரேட்டு அறிக்கையில் தொடர் இருப்பு

பேரேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே அதுவரையிலான இருப்பை எழுதுவது தொன்றுதொட்ட வழக்கம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் கடைகளில் குறிப்பேடும் பேரேடும் கையால் எழுதப்பட்டன. கணக்கெழுதுபவர் மேல்வரியைப் பார்த்து அடுத்த இருப்பைக் கணித்தார். தரவுத்தள அட்டவணையிலோ மேல்வரி, கீழ்வரி என்பது இல்லை. தொடர்பியல் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் வெளியிட்ட எட்கர் காட், பதிவுகளை வரிசைமுறை அற்ற தொகுதியாகவே கொண்டார். எனவே எது முன், எது பின் என்பதை வினவல் எழுதுபவரே சொல்ல வேண்டும்.

எஸ்கியூஎல் மொழியின் 2003ஆம் ஆண்டுத் தரநிலை இதற்கெனச் சாளரச் சார்புகளைச் சேர்த்தது. 'சம்' என்னும் கூட்டற்சார்புடன் 'ஓவர்' சேர்த்து, 'பார்ட்டிஷன் பை' கொண்டு கணக்குவாரியாகப் பிரித்து, 'ஆர்டர் பை' கொண்டு நாள்முறைப்படி அடுக்கினால் தொடர் இருப்பு கிடைக்கும். ரொக்கக் கணக்கில் பணம் வந்தால் பற்று, சென்றால் வரவு. ஆதலால் பற்றிலிருந்து வரவைக் கழித்த தொகையே கூட்டப்படும்.

ஒரு சங்கத்தின் ரொக்கக் கணக்கை எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி இறுதியில் இருப்பு 500 வெள்ளி. மார்ச் 3இல் மண்டப வாடகை 450 வெள்ளி செல்கிறது. அன்றே சந்தா 300 வெள்ளி வருகிறது. மார்ச் 5இல் நூல்களுக்கு 100 வெள்ளி செல்கிறது. இருப்பு முறையே 50, 350, 250 ஆகும்.

இங்கு இரண்டு பிழைகள் நேரக்கூடும். மார்ச் மாதப் பதிவுகளை மட்டும் வடித்தெடுத்துக் கூட்டினால், தொடக்க இருப்பு விடுபட்டு −450, −150, −250 என வரும். முந்தைய பதிவுகளின் கூட்டுத்தொகையைத் தொடக்க இருப்பாகச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

இரண்டாவது பிழை நுட்பமானது. நாளை மட்டும் கொண்டு அடுக்கி, கூட்டலின் எல்லையைக் குறிப்பிடாவிடில், தரநிலை 'ரேஞ்ச்' முறையைக் கொள்ளும். அம்முறையில் ஒரே நாளின் பதிவுகள் சமமானவை. மார்ச் 3இன் இரு பதிவுகளிலும் 350 என்றே தோன்றும். நாளுடன் பதிவெண்ணையும் அடுக்கலில் சேர்த்து, 'ரோஸ் அன்பவுண்டட் பிரிசீடிங்' என எல்லை வகுத்தால் 50, 350 எனச் சரியாக வரும்.

இப்பிழையில் இறுதி இருப்பு மாறுவதில்லை. ஆகவே கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படாது. ஆயினும், வாடகை செலுத்தியபின் கையில் எஞ்சியது எவ்வளவு என்று உறுப்பினர் வினவினால், அவ்வறிக்கை தவறான விடையே தரும். இறுதித் தொகையை மட்டுமன்றி இடைவரிகளையும் சோதிக்க மாணவரைப் பழக்குவது ஆசிரியர் கடன்.