பெயர் மாறிய ஓவியம்

நியூயார்க் நகரிலுள்ள மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தில் ஓர் இளம்பெண்ணின் உருவ ஓவியம் உள்ளது. அதன் உயரம் ஏறக்குறைய 161 செ.மீ.; அகலம் ஏறக்குறைய 129 செ.மீ. வெண்ணிற ஆடை அணிந்த அப்பெண் பெரியதொரு சாளரத்தின் முன் அமர்ந்து, மடியில் பலகையைச் சாய்த்து வைத்துப் படம் வரைகிறாள். ஒளி அவளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஆதலால் சுருண்ட பொன்னிறக் கூந்தலின் விளிம்பு மின்னுகிறது. முகமோ மெல்லிய நிழலில் ஆழ்ந்திருக்கிறது. சாளரக் கண்ணாடிகளுள் ஒன்று உடைந்துள்ளது. வெளியே தொலைவில், கைப்பிடிச் சுவரின் அருகே இருவர் நிற்பது தெரிகிறது. வரைந்துகொண்டிருந்தவள் சற்றே நிறுத்தி, எதிரில் நிற்பவரை நேராக நோக்குகிறாள். அவள் என்ன வரைகிறாள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

படத்திலுள்ளவர் பாரிஸைச் சேர்ந்த ஷார்லோட் து வால் தோன். 1786இல் பிறந்த அவருக்கு இப்படம் தீட்டப்பட்ட 1801இல் வயது பதினைந்தளவே இருக்கும். அவரை வரைந்தவர் யார் என்பதற்கு விடை காண்பதே கடினமாக இருந்தது. ஓவியத்தில் கையெழுத்து இல்லை.

1917ஆம் ஆண்டு ஐசக் ஃபிளெட்சர் என்னும் செல்வரின் உயில்வழி இவ்வோவியம் அருங்காட்சியகத்தை அடைந்தபோது, அதனை வரைந்தவர் ழாக்-லூயி டாவிட் என்றே அனைவரும் நம்பினர். அந்நம்பிக்கை வியப்புக்குரியதன்று. டாவிட் அக்காலப் பிரான்சின் தலைசிறந்த ஓவியர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியில் புதையுண்டு கிடந்த ஹெர்குலேனியம், பொம்பேயி நகரங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டபின், பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையின்மீது ஐரோப்பியருக்குப் பெரும் பற்று உண்டாயிற்று. தெளிவான கோடு, அடக்கமான வண்ணம், சிலை போன்ற நிற்கையும் அமர்கையும் எனப் பழமையைப் பின்பற்றிய இப்பாணிக்குப் புதுச்செவ்வியல் என்று பெயர். 1785இல் காட்சிக்கு வந்த டாவிடின் 'ஹொராஷியரின் சூளுரை' அப்பாணியின் கொடி எனலாம். மகளிர் உடையும் இம்மாற்றத்துக்குத் தப்பவில்லை. கிரேக்கச் சிலைகளை நினைவூட்டும் வெண்ணிற ஆடைகளைப் பாரிஸ் மகளிர் விரும்பினர். அவற்றுக்கேற்ற மஸ்லின் துணியின் புகழோ வங்காள நெசவாளரின் கைகளில் பிறந்தது.

டாவிடிடம் பயின்ற மாணவர் மிகப் பலர். அவர்தம் மாணவரிடம் பயின்றவரும் பலர். ஒரே பள்ளியில் ஒரே கையெழுத்துப் பயிற்சி பெற்றவர்களின் ஏடுகளைக் கலந்து வைத்தால் எது எவருடையது என்று பிரிப்பது எளிதா? கையெழுத்தில்லாத நல்லதொரு புதுச்செவ்வியல் ஓவியம் கிடைத்தால், அதனைத் தலைவரின் பெயரில் எழுதிவிடுவதே வழக்கமாயிற்று. புகழ்பெற்ற பெயர் விலையையும் உயர்த்தும் என்பதை மறந்துவிடலாகாது. 'நியூயார்க்கின் டாவிட்' என்று இவ்வோவியம் போற்றப்பட்டது. குறையற்ற படைப்பு எனத் திறனாய்வாளர் வியந்தனர்.

1951இல் ஷார்ல் ஸ்டெர்லிங் என்னும் கலை வரலாற்றறிஞர் இக்கருத்தை மறுத்து எழுதினார். அவருடைய சான்று ஓவியத்துக்கு வெளியே இருந்தது. அக்காலத்தில் பாரிஸின் லூவ்ர் அரண்மனையில் 'சலோன்' என்னும் ஓவியக் கண்காட்சி நடைபெற்று வந்தது. தரை முதல் கூரை வரை இடைவெளியின்றி ஓவியங்கள் மாட்டப்படும். அவற்றின் பட்டியல் சிறு நூலாக அச்சிடப்படும். ஆனால் அந்நூலில் படங்கள் இரா. 'ஒரு பெண்ணின் உருவம்' என்பது போன்ற குறிப்பு பல ஓவியங்களுக்குப் பொருந்துமாதலால், பட்டியலை மட்டும் கொண்டு ஓர் ஓவியத்தை அடையாளம் காண்பது அரிது. நற்பேறாக, 1801ஆம் ஆண்டுச் சலோனின் சுவர்களை மோன்சால்தி என்பவர் செதுக்கோவியமாகப் பதிவு செய்திருந்தார். அதில் தொங்கும் சின்னஞ்சிறு படங்களுள் ஒன்று, சாளரத்தின் முன் அமர்ந்து வரையும் இந்த ஷார்லோட்!

இனி வாதம் எளிது. இவ்வோவியம் 1801ஆம் ஆண்டுச் சலோனில் மாட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டுச் சலோனில் டாவிட் பங்கு பெறவே இல்லை. தம் 'சபீன் மகளிர்' ஓவியத்தை 1799 முதல் தனியே வைத்து, நுழைவுக் கட்டணம் பெற்றுக் காட்டி வந்தார் அவர். எனவே இதனைத் தீட்டியவர் டாவிட் அல்லர். நெடுங்கால மதிப்பு ஒரு சிறு அச்சுப் படத்தால் சரிந்தது.

ஓவியர் டாவிட் இல்லையென்றால், வேறு யார்? செதுக்கோவியம் அதனைச் சொல்லவில்லை. அதே சலோனில் 'துயரம்' என்னும் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்த கோன்ஸ்தான்ஸ் ஷர்பாந்தியே என்னும் பெண் ஓவியரை ஸ்டெர்லிங் முன்மொழிந்தார். இவ்விடத்தில் கவனிக்கத்தக்க ஒன்று நிகழ்ந்தது. ஓவியம் பெண்ணுடையது என்றதும், ஸ்டெர்லிங் உட்படச் சிலர் அதில் அதுவரை எவரும் காணாத குறைகளைக் காணத் தொடங்கினர். அழகுதான், ஆயினும் வலுவில்லை என்றனர். மறைக்கப்பட்ட பலவீனங்கள் உள்ளன என்றனர். துணியில் ஒரு கோடும் மாறவில்லை. உடைந்த கண்ணாடியும் அங்கேயே இருந்தது. மாறியது சட்டத்தின் கீழிருந்த பெயர் மட்டுமே. நல்ல கண்கள் என்று பெயர் பெற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு பெயரைப் பார்த்த கதை இது.

அக்காலப் பெண் ஓவியரின் நிலையை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். பிரான்சின் அரச கலைக்கழகம் ஒரே காலத்தில் நான்கு பெண்களுக்கு மேல் உறுப்பினராக விடவில்லை. உடலமைப்பைக் கற்க உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்புகளில் அவர்களுக்கு இடமில்லை. வீரரும் தெய்வங்களும் நிறைந்த பெரிய வரலாற்று ஓவியங்களைத் தீட்ட அப்பயிற்சி இன்றியமையாதது. ஆகவே பெண்களுள் பலர் உருவ ஓவியத்தோடு நிற்க நேர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1791இல்தான் சலோனின் கதவு கழகத்துக்கு வெளியில் இருந்த ஓவியருக்கும் திறந்தது. அதன்பின் பல பெண்கள் அங்கே தம் படைப்புகளை வைத்தனர். அவர்களுள் ஒருவரைத் தேடுவதே ஆய்வாளரின் பணியாயிற்று.

ஷர்பாந்தியே என்னும் விடையும் நிலைக்கவில்லை. 1996இல் மார்கரெட் ஓப்பன்ஹைமர் என்னும் ஆய்வாளர் மற்றொரு பெயரை முன்வைத்தார்: மரி-தெனீஸ் வில்லேர். 1774இல் பாரிஸில் பிறந்த இவர், டாவிடின் மாணவரான கிரோதேயிடம் பயின்றவர். டாவிடின் சாயல் ஓவியத்தில் படிந்திருப்பதற்கு இத்தொடர்பே போதிய காரணம். இவருடைய அக்காள் மரி-விக்துவார் லெமுவானும் ஓவியர். வில்லேர் 1799 முதல் சலோனில் பங்கேற்றார். 1801ஆம் ஆண்டுக் கண்காட்சியிலும் இருந்தார். மறு ஆண்டு அவர் காட்சிக்கு வைத்த ஓவியத்தில், பெண்ணொருத்தி தன் காலணியின் நாடாவைக் கட்டுகிறாள். வரைவது, நாடா கட்டுவது போன்ற நாள்தோறும் நிகழும் செயலொன்றில் ஈடுபட்ட பெண்ணை முழு ஓவியத்துக்கும் உரிய பொருளாக எடுத்துக்கொள்வது இரண்டிலும் காணப்படும் ஒற்றுமை.

அருங்காட்சியகம் இன்று இவ்வோவியத்தை வில்லேரின் பெயரிலேயே வைத்துள்ளது. அவர் 1814இல் கடைசியாகச் சலோனில் பங்கேற்று, 1821இல் மறைந்தார். அவருடையவை என உறுதியாகச் சொல்லக்கூடிய ஓவியங்கள் மிகச் சிலவே. பழைய சலோன் பட்டியல்களில் அவர் பெயருக்கு எதிரே அச்சாகியுள்ள தலைப்புகள் அவற்றினும் மிகுதி. எஞ்சியவை எங்கேனும் ஒரு வீட்டுச் சுவரில், வேறொருவர் பெயரோடு தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.