மறதிநோயும் மறைந்திருக்கும் உழைப்பும்

வைத்த பொருளின் இடம் மறந்துபோவது முதுமையில் இயல்பு. அப்பொருள் எதற்கு உரியது என்பதே மறந்துபோவது நோயின் அறிகுறி. மூளையின் நரம்புச் செல்கள் சிதைவதால் நினைவாற்றல், சிந்தனைத்திறன், மொழித்திறன் ஆகியவை படிப்படியாகக் குன்றும் நிலையை மருத்துவர்கள் டிமென்சியா என்பர். தமிழில் அதனை மறதிநோய் என்கிறோம். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது, 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விளக்கிக் கூறிய அல்சைமர் நோயாகும். இதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. ஆதலால், உண்பிப்பது, குளிப்பாட்டுவது, வழிதவறாமல் காப்பது எனப் பல்லாண்டுகள் தொடரும் பராமரிப்பே நோயாளரின் முதன்மைத் தேவையாகிறது.

உலகம் ஏற்கும் செலவு

2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். அவ்வாண்டில் இந்நோயால் விளைந்த செலவு ஏறத்தாழ 1.3 இலட்சம் கோடி அமெரிக்க டாலர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இதில் மருத்துவச் செலவு 16 விழுக்காடு மட்டுமே. பராமரிப்பு இல்லங்கள் முதலிய சமூகப் பணிகளுக்கான செலவு 34 விழுக்காடு. எஞ்சிய 50 விழுக்காடு, குடும்பத்தாரும் நண்பர்களும் ஊதியமின்றி ஆற்றும் உழைப்பின் மதிப்பாகும். இவ்வுழைப்பு நேரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு பெண்களுடையது.

உழைப்பை மதிப்பிடும் முறை

ஊதியம் பெறாத உழைப்புக்கு விலை காண்பது எவ்வாறு? பொருளியலார் இருவழிகளைக் கையாள்வர். பராமரிப்பவர் அந்நேரத்தில் வேறு வேலைக்குச் சென்றிருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய வருவாயைக் கணக்கிடுவது ஒன்று. அப்பணிக்கு வேறொருவரை அமர்த்தினால் தரவேண்டிய கூலியைக் கணக்கிடுவது மற்றொன்று. இவ்விரண்டும் அந்தந்த நாட்டின் ஊதிய அளவையே சார்ந்துள்ளன.

ஒருவர் தம் தாயை நாள்தோறும் ஐந்து மணிநேரம் பேணுகிறார் எனக் கொள்வோம். அவர் நாட்டில் ஒரு மணிநேரக் கூலி 20 டாலர் எனில், அவர் உழைப்பின் ஒருநாள் மதிப்பு 100 டாலர். கூலி ஒரு டாலர் எனில், அதே உழைப்பின் மதிப்பு ஐந்து டாலராகிவிடும். தாயின் தேவையோ மகளின் களைப்போ குறைவதில்லை.

செலவும் சுமையும்

மறதிநோயாளருள் 61 விழுக்காட்டினர் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்கின்றனர். ஆயினும், மொத்தச் செலவில் 74 விழுக்காடு உயர் வருவாய் நாடுகளுக்கு உரியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஏழை நாடுகளில் கூலி குறைவு. பராமரிப்பு இல்லங்களும் அரிது. ஆகவே, அங்குச் செலவுக்கணக்குச் சிறியதாகத் தோன்றுகிறது. சுமை முழுவதும் வீட்டினுள்ளேயே தங்கிவிடுகிறது. பணியைக் கைவிடும் மகளும் படிப்பை நிறுத்தும் பேத்தியும் இழப்பவை பலவாயினும், அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அவை இடம்பெறுவதில்லை.

பகிரப்படும் பொறுப்பு

முதியோர் மிகுந்த ஜப்பான் நாடு, 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயது நிறைந்தோர் இதற்குப் பங்களிப்புத் தொகை செலுத்துகின்றனர். அரசின் வரிப்பணமும் இதனுடன் சேர்கிறது. தேவைப்படும் முதியோர், கட்டணத்தில் ஒரு பகுதியை மட்டும் செலுத்தி, வீட்டுக்கு வரும் பணியாளரின் உதவியையும் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தையும் பெறுகின்றனர். குடும்பத்தின் பொறுப்பு அங்கு நீங்கிவிடவில்லை, சமுதாயத்துடன் பகிரப்படுகிறது.

2050ஆம் ஆண்டில் மறதிநோயாளர் எண்ணிக்கை 13.9 கோடியை எட்டக்கூடும் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களைப் பேணும் கைகளுக்கு ஓய்வும் பயிற்சியும் பொருளுதவியும் அளிக்கத் திட்டமிடும் நாடுகள், முதற்கண் அவ்வுழைப்பை உழைப்பாகவே கணக்கில் எழுதுதல் வேண்டும்.