ஆறு அடி எங்கே போனது?

சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பகுதியிலிருந்து கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். கல்லூரியில் விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டு, அவளே வரைந்த வீட்டுக்குள் நடக்க வைத்தார்களாம். பிளானில் ஹால் 33 அடி. உள்ளே நின்று பார்த்தால் ஐந்தாறு அடி குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறாள். கம்ப்யூட்டர் கணக்கு தப்புமா?”

கம்ப்யூட்டர் தப்பியிருக்காது. மகளின் கண்ணிலும் குறையில்லை. அவள் வேறு யாருடைய உயரத்திலோ நின்றிருக்கிறாள் என்பது என் சந்தேகம்.

தரையில் கிடக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க மூளை வைத்திருக்கும் வழிகளில் ஒன்று மிக அழகானது. நேர்ப்பார்வையிலிருந்து கண் எத்தனை டிகிரி கீழே சாய்கிறது என்று அது பார்க்கிறது. காலடியில் கிடப்பதற்கு நிறையச் சாய வேண்டும், தெருமுனைக்குக் கொஞ்சம் போதும். தரையிலிருந்து கண் எவ்வளவு உயரம் என்பது நடை பழகிய நாளிலிருந்தே அதற்குத் தெரியும். கோணமும் உயரமும் கிடைத்துவிட்டால் மிச்சம் பத்தாம் வகுப்புக் கணக்கு. ஊயி, வூ, ஹே என்ற மூவர் 2001-ல் ‘நேச்சர்’ இதழில் இதை நிறுவினார்கள். முப்பட்டகக் கண்ணாடி மாட்டிச் சாய்வைக் கூட்டியதும், எதிரே இருந்த பொருள் கிட்டே வந்துவிட்டதாகச் சோதனைக்கு வந்தவர்கள் கணித்தார்கள்.

மகளுக்கு 5 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கண் ஏறத்தாழ நாலரை அடியில் இருக்கும். மென்பொருளை அமைத்தவரோ ஆறடி ஆளை நினைத்துக்கொண்டு பார்வையை ஐந்தரை அடியில் நிறுத்திவிட்டார். எதிர்ச்சுவர் தரையைத் தொடும் இடம் 33 அடி தள்ளி, அதாவது அந்த உயரத்தைப்போல் ஆறு மடங்கு. அந்தச் சாய்வு அப்படியே அவள் மூளைக்குப் போகிறது. மூளை தனக்குத் தெரிந்த நாலரையை ஆறால் பெருக்கி 27 என்கிறது. இரண்டு கண்களும் வேறு துப்புகளும் குறுக்கே வந்து இழுப்பதால், நிஜத்தில் விடை இவ்வளவு சுத்தமாக விழாது.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கால் வடிவ அச்சின் மேல் தோலை இழுத்து ஷூ செய்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் என்றால் அச்சும் அந்த நாட்டுக் காலுக்கானது. அந்த ஷூவை நம் ஊர்க் காலில் மாட்டியதுபோல்தான் இந்த விஆர் கண்ணாடியும். முதலில் கடிக்கும். மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நடமாடினால் மூளை பழகிக்கொள்கிறது, தூரக் கணிப்பும் சீராகிறது; ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். கழற்றியதும் சொந்தக் கால் கொஞ்ச நேரம் அந்நியமாகத் தோன்றும், அதுவும் பொருந்துகிறது. சாக்ஸுக்கு மட்டும் என்னிடம் இணை இல்லை.

உயரத்தைச் சரிசெய்தாலும் குறை முழுக்கத் தீராது. பார்வைப் பரப்பு குறுகல், தலையில் பாரம் என்று வேறு காரணங்களும் உண்டு. அதுவரை வந்த ஆய்வுகளை ரென்னர் குழுவினர் 2013-ல் தொகுத்தபோது, மக்கள் கணித்த தூரம் சராசரியாக உண்மைத் தூரத்தில் 74 சதவீதம்தான். புதிய கருவிகள் தேவலை. அறையின் அளவை உணர்வதே பாதிப் படிப்பாக இருக்கும் ஒரு துறையில், ‘நிஜம் போலவே’ என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. மகள் டேப்பால் தன் கண் உயரத்தை அளந்து, கருவியில் தரைமட்டத்தைச் சரிபார்த்துவிட்டு மாட்டட்டும்.

வரலாறும் சொல்லியாக வேண்டும். 1968-ல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்தார். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1980-களில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரூக்ஸ் குழு, இன்னும் கட்டாத சிட்டர்சன் ஹாலுக்குள் கணினி வழியே நடந்து பார்த்தது. முன்கூடத்துத் தடுப்பு நெருக்கடியாக இருக்கிறது என்று சொல்லி அதை மாற்றவும் வைத்தது. அந்தக் கணினிக் கட்டடத்தில் எழுந்த புகாரும் இடம் போதவில்லை என்பதுதான்!

அதற்காக விஆர் கண்ணாடியை ஒதுக்கச் சொல்லவில்லை. பீமில் எந்தக் கம்பி மேலே, எது கீழே, ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, கவர் பிளாக் வைத்தார்களா என்பதெல்லாம் கான்கிரீட் போட்ட மறுநாள் யார் கண்ணுக்கும் தெரியாது. சைட்டுக்குப் போகும் வகுப்பு பெரும்பாலும் ஒரு நாள் பிந்தித்தான் போகும். விஆரில் கான்கிரீட்டை உரித்து எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். உயரத்திலிருந்து விழும் ஆபத்தையும் விழாமலே காட்டலாம். எல் அண்ட் டி போன்ற நிறுவனங்கள் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்துவது அதனால்தான்.

கைக்குத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் ‘டச் லேப்’ தொடுவுணர்வை ஆராய்கிறது. வகுப்பறைக் கண்ணாடிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஈரக் கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரை இன்னும் விட வேண்டுமா, எடுக்கலாமா என்று மேஸ்திரி கை அதிர்விலும் ஊசியின் சத்தத்திலும் தெரிந்துகொள்கிறார். அதற்கு மகள் அப்பாவோடு சைட்டுக்குத்தான் போக வேண்டும், கான்கிரீட் போடுகிற அன்றைக்கே.