பின் அச்சுக்கு ஒரு பூட்டு

லாக்கர் என்றவுடன் நம் வாடிக்கையாளர்களுக்கு நகைப் பெட்டகமே நினைவுக்கு வரும். இங்கே கூறவிருப்பது வாகனத்தின் பின் அச்சில் அமையும் வேறொரு பூட்டு. புனேயில் வாரநாள்களில் ஹிஞ்சவாடிக்கோ சாக்கணுக்கோ பணிக்குச் சென்று, விடுமுறையில் அதே வண்டியில் முல்ஷி, தாம்ஹிணி மலைப்பக்கம் செல்வோர் உண்டு. வாகனக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அவர்கள் இதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. காரணம் பின்னர் விளங்கும்.

வண்டி திரும்புகையில் வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தொலைவு ஓட வேண்டும். சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் எனில், ஒரு செங்கோணத் திருப்பத்தில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 2.4 மீட்டர். இதற்கு இடங்கொடுப்பதே டிஃபரன்ஷியல். அது முறுக்குவிசையை இருபுறமும் சமமாகப் பகிர்வதால், ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ பிடிப்பின்றிச் சுழன்றால், அதைச் சுழற்றப் போதுமான அற்ப விசையே மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். பாறைமேல் உறுதியாக நிற்கும் சக்கரம் அசையாது. வண்டி அங்கேயே நிற்கும். லாக்கர் இரண்டையும் ஒரே தண்டுபோல் பிணைத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைச் சேர்க்கிறது.

ஆயினும் இப்பிணைப்பு தார்ச்சாலையில் தீங்கானது. திருப்பத்தில் டயர்கள் உரசித் தேயும். வண்டி நேராகவே செல்ல முனையும். மழையில் நனைந்த மலைவளைவில் இரு பின்சக்கரங்களும் ஒருங்கே பிடிப்பிழந்தால் வால்பகுதி பள்ளத்தின் பக்கம் வழுக்கும். டிஃபரன்ஷியலைப் பற்றவைத்து நிரந்தரமாகப் பூட்டிவிடும் மலிவான வழியை அன்றாட வண்டியில் நினைத்தும் பார்க்கலாகாது.

தானே பூட்டிக்கொள்ளும் வகை அடுத்தது. மகிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் உள்ள ஈட்டன் நிறுவனத்தின் இயந்திர லாக்கர், இரு சக்கரங்களின் வேகவேறுபாடு நிமிடத்திற்குச் சுமார் 100 சுற்றுகளை எட்டும்போது பூட்டிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. ஓட்டுநர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் சக்கரம் முதலில் சுழன்ற பிறகே அது விழித்தெழும். பாறைமேல் மெல்ல ஏறுகையில் அந்தச் சுழற்சியே தொல்லை.

ஓட்டுநர் விரும்பும்போது மட்டும் பூட்டும் வகையே அன்றாடப் பயனுக்கு ஏற்றது என்பது என் கருத்து. புனேயின் ஆக்குர்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபோர்ஸ் மோட்டார்ஸ், தன் கூர்க்கா வண்டியில் முன், பின் இரு அச்சுகளுக்கும் நெம்புகோலால் இயங்கும் லாக்கர்களை ஆலையிலேயே பொருத்துகிறது. 1958-இல் பஜாஜ் டெம்போவாகத் தொடங்கிய அதே நிறுவனந்தான். தார் ராக்ஸின் நான்கு சக்கர இயக்க வகைகளில் பின் அச்சுக்கு மின் லாக்கர் உண்டு. வெளிச்சந்தையில் கிடைக்கும் ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி வகை, அழுத்தக் காற்றால் இயங்குவது. வலிமையானதே, எனினும் கம்ப்ரசர், குழாய்கள் என்று பராமரிக்க வேண்டியவை மிகும். எவ்வகையாயினும் ஒரே அச்சுத்தண்டின்மேல் முழு விசையும் விழக்கூடும். பெரிய டயரும் சேர்ந்தால் தண்டு முறியலாம்.

இனிப் பணக்கணக்கு. ஆலையில் பொருத்தப்பட்ட லாக்கரின் விலை வண்டியின் விலையோடு கடனுக்குள் அடங்கிவிடும், உத்தரவாதமும் தொடரும். பின்னர் வெளியே பொருத்தினால் செலவு கைப்பணம். அச்சு பழுதுபட்டால் உத்தரவாதம் மறுக்கப்படலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்க. காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுத்துமூலம் தெரிவியுங்கள். கம்ப்ரசர் போன்ற மின் துணைக்கருவியின் மதிப்பை அறிவித்துக் கூடுதல் பிரீமியம் செலுத்தினாலன்றி, விபத்தில் அதற்கு இழப்பீடு எதிர்பார்க்க இயலாது.

வாங்கிய பின் லாக்கரை மறந்துவிடலாகாது. மாதம் ஒருமுறை மண்தரையில் பூட்டி, சிறிது தூரம் நேராக ஓட்டி, விடுவித்துப் பாருங்கள். ஆழ்ந்த நீரைக் கடந்து வந்த பின் அச்சின் எண்ணெய் பால்நிறமாக மாறியிருந்தால், நீர் புகுந்துவிட்டது; உடனே மாற்றுங்கள்.