உஷார்! தீபத்துக்கு முன் பாத்ரூமைத் தேய்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையில் வீட்டுக்கு வீடு ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். சென்னை, பெங்களூருவிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வேறு ஆட்கள் வருவார்கள். அவசரமாக அறையைத் திறந்தால், பாத்ரூம் மூலையெல்லாம் கருகருவென்று பூசணம். ஐப்பசி அடைமழையில் ஊறிய சுவர் வேறு எப்படி இருக்கும்? உடனே கடையில் ஒரு பாட்டில் ஆசிட் வாங்குவோம். பிளீச்சிங் பவுடர் வீட்டிலேயே இருக்கும். “ரெண்டையும் சேத்து ஊத்துங்க, பளிச்னு ஆயிடும்” என்று சொல்லவும் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார்.

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் படைவீரர்களை மூச்சுத்திணறிச் சாகவைத்த அதே வாயு. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். குத்துக்காலிட்டுத் தரையைத் தேய்க்கிறவர் முகம் இருப்பதும் அந்த உயரத்தில்தான். ஜன்னல் இல்லாத, கதவு ஒருக்களித்த சின்ன பாத்ரூமில் சில மூச்சுகள் போதும்.

இரண்டையும் ஒரே வாளியில் கலக்குகிற அளவுக்கு விவரம் தெரியாதவர்கள் குறைவு என்று நீங்கள் சொல்லலாம். ஆபத்து அங்கே மட்டும் இல்லை. 2019 நவம்பரில் அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் ஓர் உணவகத்துச் சமையலறைத் தரையில் ஒரு ஊழியர் அமிலக் கிளீனரைச் சிந்தினார். பிறகு இன்னொருவர், அது தெரியாமல், அதே தரையைக் குளோரின் கலந்த திரவத்தால் கழுவத் தொடங்கினார். தரை பச்சையாகி நுரைத்தது. அதை வெளியே தள்ளிவிட முயன்ற மேலாளர் இறந்துபோனார். காலையில் அக்கா ஆசிட் ஊற்றி ஊறவிட்டுப் போவதும், மதியம் தம்பி வந்து பிளீச்சிங் தூவுவதும் நம் வீடுகளில் நடக்கிற காரியம்தானே? லாட்ஜுகளில் கேட்கவே வேண்டாம். ஷிப்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பாட்டில்.

ஆசிட் என்று பெயர் போட்ட பாட்டிலில் மட்டும் ஆசிட் இருப்பதாக நினைக்க வேண்டாம். நாம் வாங்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலமே. பிளீச்சிங்கோடு சேர்ந்தால் அவையும் குளோரினைக் கிளப்பும். வீடியோக்களில் வரும் ‘வீட்டுக் குறிப்பு’களை நம்பிக் கலக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொரோனா காலத்தில் தெருவெல்லாம் தெளித்த ஹைபோ கரைசலும் பிளீச்சிங் இனம்தான். அமோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தால் அது வேறொரு நச்சுவாயுவைத் தரும்.

கண் எரிந்து, தொண்டையைப் பிடிக்கிற காரமான நெடி வந்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். போட்டது போட்டபடி வெளியே வந்து, திறந்த வெளியில் நின்று மூச்சுவிடுங்கள். இருமலோ நெஞ்சிறுக்கமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆகவே வாயுவை முகர்ந்தவரை அன்று இரவு தனியே விடக்கூடாது.

இத்தனைக்கும், பூசணத்துக்கு ஆசிட் மருந்தே இல்லை. போர்வெல் தண்ணீர் விட்ட உப்புக்கறைக்காக அதை வாங்கிவைக்கிறோம். அது கறையோடு சேர்த்து டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டையும் தின்றுவிடுகிறது. தீபத்துக்குத் தீபம் ஆசிட் ஊற்றிய பாத்ரூமில் அந்த இடுக்குகள் அரித்துப் பள்ளமாகி, தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயாமலே கிடக்கும். பூசணத்துக்கு அதைவிட வசதியான இடம் ஏது? போன வருடத்தைவிட இந்த வருடம் அதிகமாகப் பூத்திருந்தால் அதில் உங்கள் பாட்டிலுக்கும் பங்கு உண்டு.

பூசணத்துக்குத் தேவை ஈரம் ஒன்றுதான். சோப்பு நுரையும் உடம்பு அழுக்கும் அதற்குச் சாப்பாடு. அவை எந்த பாத்ரூமிலும் கிடைக்கும். நனைந்த இடம் ஒன்றிரண்டு நாளுக்குள் காய்ந்துவிட்டால் அது பிடிப்பது கடினம். நம் ஊரில் ஏன் காய்வதில்லை? கிரிவலப் பாதையோரம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: குரங்கு. வென்டிலேட்டர் வழியாக உள்ளே வந்து சோப்பைத் தூக்கிப் போகிறது என்று பலகை வைத்து அடைத்துவிடுகிறோம். குரங்கு இல்லாத வீட்டில் கொசு. பலகையைக் கழற்றிவிட்டு உறுதியான கம்பி வலை அடியுங்கள். இரண்டும் வராது, காற்று வரும். அடைத்த பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தால் பூசணக் கவலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளை மயக்கிக் கொன்றுவிடும். அந்தப் பலகையை இன்றே எடுங்கள். கீசரையும் வெளியே மாற்றுங்கள்.

கார்த்திகைக் குளிரில் வெந்நீர்க் குளியலின் ஆவி, சில்லிட்ட கூரையில் பட்டு நீராகிறது. கூரை மூலையில் கரும்புள்ளிகள் வருவது அதனால்தான். அடைமழை நாளில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால், ஜன்னலைத் திறப்பது மட்டும் போதாது. குளித்து முடித்ததும் ஒரு வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்துவிடுவது எந்த ரசாயனத்தையும்விட அதிகம் உதவும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் குளித்த பிறகும் கால் மணி நேரமாவது ஓடட்டும். மழையில் கிரிவலம் போய் வந்த ஈரவேட்டியையும் புடவையையும் பாத்ரூம் கதவில் போட்டுவைப்பதை நிறுத்துங்கள்.

வழித்துவிட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பாருங்கள். தாளுக்கு உட்புறம் நீர்த்துளி இருந்தால் சுவருக்குள்ளிருந்து ஓதம் வருகிறது, பிளம்பரைக் கூப்பிட வேண்டும். வெளிப்புறம் மட்டும் ஈரமாக இருந்தால் குற்றவாளி அறைக்காற்று.

ஓதத்தைச் சரிசெய்யாமல் மேலே பெயிண்ட் அடிப்பது வாடகைக்கு விடுகிறவர்களின் வழக்கமான வித்தை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு தகப்பன் 2017-இல் வீட்டுப் பூசணத்தைப் பற்றிப் புகார் செய்தபோது அவருக்குக் கிடைத்த யோசனையும் அதுதான். அவருடைய இரண்டு வயது மகன் அவாப் இஷாக் 2020 டிசம்பரில் மூச்சுக்கோளாறால் இறந்தான். வீட்டுப் பூசணமே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு சொன்னது. வாடகை வீட்டுப் பூசணத்தை நீக்க வீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அங்கே அவன் பெயரால் வழங்குகிறது. இப்படிச் சாவது அபூர்வம். ஆனால் ஓதம் பிடித்த வீட்டில் இருமலும் இளைப்பும் ஆஸ்துமாவும் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், சுவரில் கருப்பைப் பார்த்ததும் 2021-இன் கரும்பூஞ்சை நோய் என்று பதறவும் வேண்டாம். அது மியூகோர் வகையால் வருவது. ‘கருப்பு’ என்றது செத்துப்போன சதையின் நிறத்தை. பாத்ரூம் பூசணம் வேறு குடும்பம்.

இருக்கிற பூசணத்தை எடுக்க, முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்த பிறகு தேயுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் வித்துத்தூள் வீடெல்லாம் பறக்கும். பிளீச்சிங் போட்டே ஆகவேண்டுமென்றால் தண்ணீரில் மட்டும் கரைத்து, கதவைத் திறந்துவைத்துப் போடுங்கள். அன்று ஆசிட் பக்கமே போகாதீர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து பூட்டிப் போகிறவர்கள் மிதியடியையும் ஈரத்துண்டையும் வெளியே எடுத்துவிட்டு, தரையை வழித்து, வென்டிலேட்டரைத் திறந்தே வைத்துவிட்டுப் போகலாம்.

லாட்ஜும் தங்கும் வீடும் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்புரவு வேலைக்கு வரும் அம்மாவின் கையில் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒன்றை வாங்குவதையே நிறுத்திவிடுங்கள். ஏன் என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.