பரிசுப் போட்டிகளும் மாநிலச் சட்டங்களும்: பெங்களூரிலிருந்து எழுந்த வழக்குகள்

நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34ஆம் இனம் பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலங்களின் அதிகாரத்தில் வைத்துள்ளது. அரசுகள் நடத்தும் லாட்டரி மட்டும் மத்தியப் பட்டியலின் 40ஆம் இனமாக விளங்குகிறது. ஏட்டளவில் இப்பங்கீடு தெளிவானதே. ஆனால் ஒரு மாநிலத்தில் அச்சாகும் போட்டிச் சீட்டு மற்றொரு மாநிலத்தில் விற்பனையாகி, கட்டணமும் அங்கேயே வசூலாகுமானால், கட்டுப்படுத்தும் உரிமை யாருக்கு உண்டு? வரி விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களுக்கு விடை காண உதவியது, பெங்களூரிலிருந்து வெளிவந்த ஒரு வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டியாகும்.

‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்னும் அவ்விதழ் அன்றைய மைசூர் மாநிலத்தில் அச்சிடப்பட்டது. அதில் வெளியான ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டி பம்பாய் மாநிலத்திலும் பெரும் எண்ணிக்கையில் வாசகர்களை ஈர்த்தது. 1948ஆம் ஆண்டின் பம்பாய் லாட்டரி, பரிசுப் போட்டிக் கட்டுப்பாட்டு, வரிச் சட்டம், வெளியே அச்சாகும் பத்திரிகைகளின் போட்டிகளைத் தன் வரம்பில் கொண்டுவரவில்லை. 1952ஆம் ஆண்டில் பம்பாய் அரசு சட்டத்தைத் திருத்தி, அந்த விலக்கை நீக்கி, வெளிமாநில இதழ்களின் போட்டிகளுக்கும் வரி விதித்தது. போட்டி நடத்தியோர் பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகி வெற்றி பெற்றனர். அரசு உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

திறமையா, வாய்ப்பா?

இத்தகைய போட்டியின் இயல்பை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ‘பேணிக் காக்க வேண்டியது’ என்று குறிப்புத் தந்து, ‘—லம்’ என ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால், அங்கே வர வேண்டியது நிலமா, குலமா, நலமா? மூன்றும் பொருந்தும். போட்டி நடத்துவோர் ஒன்றை முன்கூட்டியே தேர்ந்து மறைத்து வைத்துவிட்டால், பரிசு பெறுவதற்குச் சொல்லறிவு உதவாது. மறைத்து வைக்கப்பட்ட விடையோடு நம் விடை ஒத்திருக்க வேண்டும், அவ்வளவே. வார்த்தை விளையாட்டின் உடை அணிந்திருப்பினும் உள்ளே இருப்பது குலுக்கல்தான். இத்தகைய பத்துக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள் எனக் கொண்டால், சாத்தியமான தீர்வுகள் 1,024 ஆகும். எல்லாவற்றையும் அனுப்பினால் பரிசு உறுதி என எண்ணிச் சீட்டுக்குமேல் சீட்டாக அனுப்புவோர்க்கு ஒவ்வொரு சீட்டுக்கும் கட்டணம் உண்டு என்பதை மறத்தலாகாது. கூலியிலும் மாதச் சம்பளத்திலும் வாழ்வோரின் சிறு தொகைகள் இவ்வழியே கரைந்தன என்பதே சட்டம் இயற்றியோரின் கவலை.

1957 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ், ரிக்வேதத்தின் சூதாடி பற்றிய பாடல் முதல் மனு, கௌடில்யர் வரை பண்டைய நூல்களை நினைவுகூர்ந்து, சூதாட்டம் அரசியலமைப்பு பாதுகாக்கும் தொழிலோ வணிகமோ அன்று எனக் கூறினார். (திருக்குறளும் சூதுக்குத் தனி அதிகாரம் ஒதுக்கியிருப்பதைத் தமிழ் வாசகர் அறிவர்.) ஆகவே தொழில் செய்யும் உரிமையோ, மாநிலங்களுக்கிடையே தடையற்ற வணிகம் என்னும் 301ஆம் பிரிவோ போட்டி நடத்தியோருக்குத் துணை வரவில்லை.

பெங்களூரில் அச்சான இதழின்மீது பம்பாய்க்கு என்ன அதிகாரம் என்ற வாதத்துக்கும் அத்தீர்ப்பு விடை தந்தது. போட்டியில் சேர விடுத்த அழைப்பு பம்பாய் வாசகரைச் சென்றடைந்தது. சீட்டு நிரப்பப்பட்டது அங்கே. சீட்டும் கட்டணமும் சேர்க்கப்பட்ட மையங்களும் அங்கே இருந்தன. இந்த நிலத்தொடர்பு போதும் என நீதிமன்றம் கொண்டது. அச்சகம் எங்கே உள்ளது என்பதைவிடப் பணம் எங்கே கைமாறுகிறது என்பதே முக்கியமாயிற்று. இணையத்தின் வழி நடைபெறும் ஆட்டங்களைப் பற்றி இன்று எழும் வாதங்களிலும் இந்த அளவுகோல் பயன்படுகிறது.

இதற்கிடையே, பல மாநிலச் சட்டமன்றங்கள் 252ஆம் பிரிவின்கீழ் தீர்மானம் நிறைவேற்றி நாடாளுமன்றத்தை வேண்டிக்கொள்ள, 1955ஆம் ஆண்டில் பரிசுப் போட்டிகள் சட்டம் பிறந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகலாகாது, ஒரு போட்டிக்கு 2,000 சீட்டுகளுக்கு மேல் ஏற்கலாகாது, உரிமம் வேண்டும். அதே ஏப்ரல் 9ஆம் நாள் வழங்கப்பட்ட மற்றொரு தீர்ப்பு, இச்சட்டம் சூதின் இயல்புடைய போட்டிகளை மட்டுமே கட்டுப்படுத்தும், கணிசமான திறமையைச் சார்ந்த போட்டிகளைத் தொடாது என வரையறுத்தது. பிற்காலத்தில் ரம்மி, குதிரைப் பந்தயம் முதலியவை பற்றிய வழக்குகளில் இந்தப் பகுப்பே அடிப்படையாயிற்று. 1967ஆம் ஆண்டில் ரம்மியும், 1996ஆம் ஆண்டில் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் குதிரைப் பந்தயமும் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தவை என உச்சநீதிமன்றம் கூறியது.

கட்டுப்பாடு வேறு, வரி வேறு

மைசூர் மாநிலமும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்றது. அதே வேளையில் தன் சட்டத்தின்படி பரிசுப் போட்டிகளுக்கு வரியும் விதித்தது. பெங்களூர் நிறுவனம் மீண்டும் வழக்காடியது: அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்த மாநிலம் இனி எவ்வாறு வரி கேட்கலாம் என்பது அதன் வாதம். மாநிலம் ஒப்படைத்தது 34ஆம் இனத்தின் கட்டுப்பாட்டு அதிகாரத்தை மட்டுமே, 62ஆம் இனத்தின் வரி அதிகாரம் அதனிடமே உள்ளது என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. நிருவாகத்தைப் பயிலும் மாணவர்கள் இத்தீர்ப்பைக் கவனமாகப் படித்தல் நன்று. எனினும் அதன் வரிப் பகுதிக்கு இன்று வரலாற்று மதிப்பே மிகுதி. 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தம் 62ஆம் இனத்திலிருந்து பந்தயத்தையும் சூதாட்டத்தையும் நீக்கிவிட்டது. சரக்கு மற்றும் சேவை வரி அவ்விடத்தை நிரப்புகிறது.

கடைகள் பொருள் விற்பனையைப் பெருக்க நடத்தும் கூப்பன் குலுக்கல்கள் வேறு வகையின. அரசின் அனுமதியற்ற லாட்டரி நடத்துவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவின்படி குற்றமாயிருந்தது. பாரதிய நியாய சம்ஹிதாவின் 297ஆம் பிரிவு அதனைத் தொடர்கிறது. நுழைவுக் கட்டணம் தனியே இல்லையெனினும் பொருளின் விலையிலேயே அது மறைந்திருக்கக்கூடும் என்பதால் ‘இலவசம்’ என்னும் சொல்லைச் சட்டம் முழுமையாக நம்பவில்லை. 1984ஆம் ஆண்டில் ஏகபோக, கட்டுப்படுத்தும் வணிக முறைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவு, விற்பனையைப் பெருக்கப் போட்டியோ லாட்டரியோ நடத்துவதை நியாயமற்ற வணிக முறையாகக் கருதியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இவ்வாறே வரையறுக்கிறது. பரிசுத் திட்டம் முடிந்தபின் அதன் முடிவைப் பங்கேற்றோரிடமிருந்து மறைப்பதையும் அது சேர்த்துக்கொள்கிறது. திட்டம் விளம்பரமான அதே பத்திரிகையில் முடிவையும் உரிய காலத்தில், கண்ணில் படும்படி வெளியிடுவது போதுமானதெனக் கொள்ளப்படும். எத்தனை கடைகள் இதனைச் செய்கின்றன என்பதை நுகர்வோர் சங்கங்கள் எளிதில் சரிபார்க்கலாம்.

கர்நாடகம் 2007ஆம் ஆண்டில் லாட்டரி விற்பனையை நிறுத்தியது. 2021ஆம் ஆண்டில் தன் போலீஸ் சட்டத்தைத் திருத்தி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமை சார்ந்தவையாயினும், தடை செய்தது. திறமை ஆட்டங்களைத் தடுத்த அத்திருத்தப் பகுதிகளை 2022 பிப்ரவரி 14ஆம் நாள் கர்நாடக உயர்நீதிமன்றம் செல்லாதெனக் கூறியது. 1957ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பகுப்பை மாநிலம் அழித்துவிட முடியாது என்பதே அதன் சாரம். பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. திறமையாயினும் வாய்ப்பாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்கிறது அது. 1955ஆம் ஆண்டில் மாநிலங்களின் தீர்மானம் பெற்றே நாடாளுமன்றம் இத்துறையில் சட்டம் செய்தது. 2025ஆம் ஆண்டில் அத்தகைய தீர்மானம் கோரப்படவில்லை. இச்சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளுள் ஒன்று கர்நாடக உயர்நீதிமன்றத்திலேயே தாக்கலாயிற்று.