தரை டிக்கெட்டின் நியாயம்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், சம்பா அறுவடை முடிந்த வயலிலோ ஏரிக்கரையை ஒட்டிய பொட்டலிலோ பொங்கலையொட்டி நடைபெறும் மின்னொளி கபடிப் போட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் யாரும் மடியில் காசு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு போவதில்லை. ஏனெனில் அங்கே டிக்கெட் என்ற வஸ்துவே கிடையாது. நுழைவுக் கட்டணம் உண்டு என்று சுவரொட்டியில் அச்சிட்டிருப்பது வாஸ்தவந்தான். ஆனால் அது ஆட வருகிற அணிகளுக்கு விதித்ததே அன்றி, பார்க்க வருகிற ஜனங்களுக்கு விதித்ததன்று. முதற்பரிசுத் தொகையை ஓர் அரிசி ஆலைக்காரரும், கோப்பைகளை வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளும், விளக்குக்கும் ஒலிபெருக்கிக்குமான செலவை ஊர்ப்பொதுவும் ஏற்றுக்கொள்ள, அதற்குப் பிரதியாக அவர்களுடைய நாமதேயங்கள் விடிய விடிய மைக்கில் முழங்குகின்றன. தங்கள் ஊர்ப் பையன் பாடிப் போய்ப் பிடிபட்டாலும் மீண்டாலும், அந்த உத்ஸாகத்துக்கு யாரும் விலை கேட்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குத் தூரத்து உறவினன் ஒருவன் அயர்லாந்து தேசத்தில் இருக்கிறான். 1884-ஆம் ஆண்டு தர்லஸ் என்ற சிற்றூரின் விடுதியொன்றில் கூடிய சிலர் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம், ஹர்லிங் முதலிய அந்நாட்டுச் சுதேச விளையாட்டுகளை இன்றளவும் கட்டிக் காத்து வருகிறது. டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் மைதானத்தில் 82,000-க்கும் மேற்பட்டவர்களின் முன்னிலையில் ஆடுகிற வீரனுக்குக் கூட ஆட்டத்துக்கென்று சம்பளம் கிடையாது. மறுநாள் அவன் பள்ளிக்கூடத்திலோ பண்ணையிலோ தன் சொந்த வேலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆடுகிறவன் ஊதியம் வாங்காத ஆட்டத்தைப் பார்ப்பதற்குச் சாமானியனிடம் எவ்வளவு வசூலிப்பது நியாயம் என்ற விவாதம், டிக்கெட் விலை ஏறும்போதெல்லாம் அங்கே எழுவதில் ஆச்சரியமில்லை. நம் பக்கத்திலோ இந்த விவாதம் அநேகமாக எழுவதே இல்லை. விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பருவத்தில் சென்னை அணியின் ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டிக்கெட்டின் விலை 1,700 ரூபாய். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த தினக்கூலி 336 ரூபாய். ஆகவே ஏரி தூர்வாரப் போகிற ஒருவர், அறிவித்த கூலி குறையாமல் கைக்கு வந்து, அதில் ஒரு காசும் வீட்டுக்குச் செலவிடாதிருந்தாலும், ஐந்து நாளுக்கும் மேலாக மண் சுமந்த பிறகுதான் மூன்றரை மணி நேர ஆட்டத்தைக் கண்ணால் காண முடியும். தம் பிள்ளையையும் உடன் அழைத்துப் போக ஆசைப்பட்டாரானால் பத்து நாளுக்கும் மேல்.

அதுவும் டிக்கெட்டின் விலைதானே ஒழிய, ஆட்டத்தின் விலை அன்று. உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது; பேருந்தில் செங்கல்பட்டை அடைந்து மின்சார ரயில் பிடித்தாக வேண்டும். மாலை ஏழரைக்குத் தொடங்குகிற ஆட்டம் முடிய இரவு பதினொன்று, பதினொன்றரை ஆகிவிடும். அதன்பின் எப்படியோ செங்கல்பட்டு வரை வந்து சேர்ந்தாலும், மேற்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் விடிகிற வரையில் நிலையத்துப் பலகையில்தான் படுத்திருக்க வேண்டும். மறுநாள் வேலையும் போயிற்று. ஆட்டத்துக்கான டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோ ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் இலவசமாகப் போகலாம் என்று அணி நிர்வாகம் சமீப வருஷங்களில் செய்த ஏற்பாடு மிகவும் சிலாக்கியமானது. ஆனால் அந்தச் சலுகை பட்டணத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. தூரத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் அதிகச் செலவு. அவனுக்குத்தான் சலுகை இல்லை.

விலை குறைத்தால் ஆட்டம் நடத்தக் கட்டுப்படியாகாது என்பார்கள். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களுக்கு ஒளிபரப்பு உரிமையை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்ற ஒரு போட்டியைக் குறித்து இந்த வாதத்தைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அரசாங்கத்தின் கையும் இதில் சுத்தமன்று. அங்கீகாரம் பெற்ற விளையாட்டுப் போட்டிகளில் 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ஏழைக்கும் ஓர் இடம் வேண்டும் என்று வரிச் சட்டமே ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் அது. ஐ.பி.எல். அந்த வகையில் சேராது. முன்பு 28 சதவீதமாக இருந்த அதன் வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகிவிட்டது.

சினிமாவின் விஷயத்தில் நம் ராஜ்யம் இவ்வளவு அலட்சியமாக இருந்ததில்லை. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தரை டிக்கெட்டுக்காரன்தான் கொட்டகைக்கு ஜீவன் என்பதை முதலாளிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். பிற்காலத்தில் குளிர்சாதன அரங்குகள் வந்த பிறகும், முன்வரிசையில் பத்து ரூபாய் டிக்கெட் நெடுங்காலம் அரசு விதியாக நீடித்தது. 2017-இல் விலையை உயர்த்தியபோதும், பல திரை அரங்குகளுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டித்தான் உயர்த்தினார்கள். அந்த விதியை மீறுகிறவர்கள் உண்டு என்பது வேறு விஷயம். மீறுவதற்காவது ஒரு விதி இருக்கிறது. கிரிக்கெட் மைதானத்துக்கு அதுவும் இல்லை.

குறைந்த விலையில் ஆட்டம் காட்ட முடியாது என்பதற்கும் ஆதாரமில்லை. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்கு இதே சேப்பாக்கத்தில் நாளொன்றுக்கு 100, 150, 200 ரூபாய்க்கு டிக்கெட் விற்றார்கள். 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிக்கு அனுமதி முற்றிலும் இலவசம். இருபத்துநான்கு தேசங்களின் பிள்ளைகள் ஆடிய போட்டி அது. மேல்நாட்டு ரசிகர்கள் கேட்டுப் பெற்றதும் உண்டு. 2016-இல் லிவர்பூல் கால்பந்து மன்றம் டிக்கெட்டின் உச்ச விலையை 77 பவுண்டாக்கப் போவதாக அறிவித்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்டத்தின் 77-வது நிமிஷத்தில் எழுந்து வெளியே நடந்தார்கள். சில தினங்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

ஆனாலும் வெறுமனே விலையைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்த விலை டிக்கெட்டு மொத்தமாக வேறு கைக்குப் போய், வாசலில் இரண்டு மடங்கு, மூன்று மடங்குக்கு விற்கும் வித்தையை நாம் அறியாதவர்கள் அல்லர். அயர்லாந்துக்காரர்களின் யுக்தி இவ்விடத்தில்தான் கவனிக்கத் தக்கது. அவர்கள் இறுதியாட்டத்து டிக்கெட்டுகளைப் பொதுவில் விற்பதில்லை. மாவட்டச் சங்கங்களுக்கும் ஊர் மன்றங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வருஷம் முழுதும் மன்றத்து மைதானத்தில் புல் வெட்டியவனும் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவனும் யார் என்பது ஊருக்குத் தெரியுமல்லவா? அப்படிப் பங்கிட்டால் ஊர்ப் பெரிய மனிதர்களே விழுங்கிவிட மாட்டார்களா என்று கேட்பவர்கள், உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரை ஒருமுறை வந்து பார்க்கலாம். முதற் பராந்தகன் காலத்தில், 921-ஆம் ஆண்டில் பொறித்த சாசனம், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மாத்திரமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கி வைக்கிறது. நம் விளையாட்டுச் சங்கங்களில் எத்தனை அந்த விதிக்குத் தாக்குப் பிடிக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது.

நடைமுறையில் செய்யக்கூடியது அதிகமொன்றும் இல்லை. சனி, ஞாயிறுகளில் பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும் ஆட்டங்கள் ஒரு பருவத்தில் சில உண்டு. அவை இரவு எட்டுக்குள் முடிந்துவிடுமாகையால், செங்கல்பட்டுக்கு ரயிலும் அங்கிருந்து பேருந்தும் கிடைக்கும். அந்த ஆட்டங்களுக்கு மட்டுமேனும் ஒரு மாடத்தை 500 ரூபாய்க்குள் ஒதுக்கி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் பதிவு பெற்ற ஊர் மன்றங்களின் மூலம் பெயர் எழுதி விநியோகித்து, யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.